எம்எல்கே டின்னருக்கு முதல் தடவை போறவங்களுக்கு: டிக்கெட் வாங்கறதுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும்

ஜனவரி வந்துட்டா அமெரிக்காவுல பெரிய சிட்டியா இருந்தாலும் சரி, சின்ன காலேஜ் டவுனா இருந்தாலும் சரி, ஏதாவது ஒரு சர்ச் ஹால்லயோ ஹோட்டல் பேங்க்வெட் ஹால்லயோ மார்ட்டின் லூதர் கிங் நினைவா ஒரு டின்னர் நடக்கும். லைப்ரரி நோட்டீஸ் போர்டுல, பசங்க ஸ்கூல்லேர்ந்து கொண்டுவர்ற பேப்பர்ல எல்லாம் பார்த்திருப்பீங்க. புதுசா வந்த நம்ம ஆளுங்க நிறைய பேர் அவர் பேர்ல லீவு விடற அந்த மூணாவது திங்கக்கிழமையை ஒரு லாங் வீக்கெண்டா மட்டும் பார்த்துட்டு எங்கயாவது டிரிப் போயிடறாங்க, கேட்டா "அது கறுப்பின மக்களோட விசேஷம், கூப்பிடாம எப்படிங்க போறது"ன்னு சொல்றாங்க. டிக்கெட் போட்டு ஊரையே கூப்பிடற நிகழ்ச்சி அது, தாராளமா போகலாம். எப்படிப் போறது, போய் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நாம இங்க வந்து உட்கார்ந்திருக்கறதுக்கும் அந்த டின்னருக்கும் நேரடியா சம்பந்தம் இருக்கு. 1946 சட்டப்படி இந்தியாவுலேர்ந்து வருஷத்துக்கு 100 பேர்தான் இங்க குடியேற முடியும். நூறே பேர், மொத்த இந்தியாவுக்கும். அந்தக் கதவு திறந்தது 1965 அக்டோபர் 3, அன்னிக்குத்தான் ஜனாதிபதி ஜான்சன் சுதந்திர தேவி சிலை இருக்கற தீவுல வச்சு புது குடியேற்றச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 1964ல சிவில் ரைட்ஸ் சட்டம், 1965 ஆகஸ்ட்ல ஓட்டுரிமைச் சட்டம், அதே அலையில அக்டோபர்ல இது. தெருவுல அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி "பிறப்பை வச்சு மனுஷனைப் பிரிக்கக் கூடாது"ன்னு கறுப்பின மக்கள் இந்த நாட்டையே பேச வச்ச பிறகுதான் நம்ம விசாவுக்கெல்லாம் வழி பிறந்துச்சு. அதனால நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் முதல்ல சொல்றது: வேடிக்கை பார்க்கப் போகாதீங்க, நமக்கும் இதுல கடன் இருக்குன்னு நினைச்சுப் போங்க.

ஸ்டெப் 1: உங்க ஊர்ல யார் நடத்தறாங்கன்னு பாருங்க

ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொருத்தர் நடத்துவாங்க. சில இடத்துல சிட்டியோட மனித உரிமைக் கமிட்டி, சில இடத்துல காலேஜ், சில இடத்துல நாலஞ்சு சர்ச் சேர்ந்து, இன்னும் சில இடத்துல ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா மாதிரி கறுப்பின பட்டதாரிகள் சங்கம் (கிங் அதுல மெம்பரா இருந்தவர்). கறுப்பின மக்களோட உரிமைக்காக 1909ல ஆரம்பிச்ச என்ஏஏசிபிங்கற அமைப்போட லோக்கல் கிளைகள் ஃப்ரீடம் ஃபண்ட் டின்னர்னு தனியா ஒண்ணு நடத்துவாங்க, அது நிறைய ஊர்ல இலையுதிர் காலத்துல வரும், ஜனவரியை விட்டுட்டவங்க அதுக்குப் போகலாம். தேதியை நல்லா பார்த்துக்கோங்க, கிங் பிறந்தது 1929 ஜனவரி 15, ஆனா லீவு மூணாவது திங்கள், டின்னர் மட்டும் அதுக்கு முந்தின வெள்ளி சனியிலயும் வைப்பாங்க, திங்கக்கிழமை சாயங்காலமும் வைப்பாங்க. சில ஊர்ல டின்னர் இல்லாம காலைல பிரேக்ஃபாஸ்ட்டா இருக்கும், முறையெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஸ்டெப் 2: டிக்கெட்

டிசம்பர்லயே வாங்கிடுங்க, கடைசி வாரத்துல கிடைக்காது. சில ஊர்ல இலவசம், சில ஊர்ல ஒருத்தருக்கே நூறு டாலரைத் தாண்டும். விலையைப் பார்த்து மலைக்காதீங்க, அந்தக் காசுலேர்ந்துதான் காலேஜ் போற பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கறாங்க, சாப்பாட்டுக்கு மட்டும் வாங்கற காசு இல்ல அது. நடத்தறது வரிவிலக்கு உள்ள அமைப்பா இருந்தா, சாப்பாட்டோட மதிப்பு போக மிச்சத்தை டாக்ஸ்ல காட்டலாம், ரசீது கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு முழு டேபிளையே எடுக்கலாமான்னு கேப்பாங்க. டேபிள் எடுக்கறது நல்ல விஷயம், அமைப்புக்கு அது பெரிய உதவி, ஆனா பத்து சீட்லயும் நாமளே உட்கார்ந்து தமிழ்லயே பேசிட்டு வந்தா போனதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். டேபிளுக்குப் பணம் கட்டிட்டு, பாதி சீட்டை ஸ்டூடண்ட்ஸுக்குக் கொடுத்துடுங்கன்னு சொல்லுங்க, சந்தோஷமா ஏற்பாடு பண்ணுவாங்க. இல்லைன்னா தனித்தனியா டிக்கெட் வாங்கி வேற வேற டேபிள்ல உட்காருங்க.

டிக்கெட் வாங்கும்போதே வெஜிடேரியன்னா எழுதிடுங்க. "அங்க போய் பார்த்துக்கலாம்"னு விட்டா கஷ்டம், ஏன்னு கீழ சொல்றேன்.

ஸ்டெப் 3: போறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிங்க

மேடைல பேசறவங்க யாருக்கும் வரலாறு சொல்லிக் கொடுக்க மாட்டாங்க, எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சு பாதிப் பாதியாத்தான் பேசுவாங்க. செல்மா, மாண்ட்கோமரி, பர்மிங்காம்னு (எல்லாம் அலபாமாவுல போராட்டம் நடந்த ஊருங்க) பேர் மட்டும் வந்து போகும். குறைஞ்சபட்சம் இதையாவது தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

ஏன் டின்னர்? கூட்டம் போட்டுப் பேசிட்டுக் கலைஞ்சிருக்கலாமே? இந்தப் போராட்டத்துல சாப்பாட்டு மேசை ரொம்பப் பெரிய விஷயம். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நார்த் கரோலினா க்ரீன்ஸ்போரோவுல நாலு காலேஜ் பசங்க உல்வொர்த் கடையோட லஞ்ச் கவுண்டர்ல போய் உட்கார்ந்தாங்க. அதே கடைல அவங்க பேஸ்ட் பிரஷ் வாங்கலாம், நோட்டு வாங்கலாம், காசை வாங்கிக்குவாங்க, ஆனா உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. அன்னிக்கு அவங்களுக்கு யாரும் பரிமாறல, கடை மூடற வரைக்கும் உட்கார்ந்திருந்துட்டு எழுந்து போனாங்க, மறுநாளும் வந்தாங்க, கூட இன்னும் ஆள் வந்தாங்க, ஜூலைல அந்தக் கவுண்டர் எல்லாருக்கும் திறந்துச்சு. டீக்கடைல ரெட்டை டம்ளர் பார்த்த ஊர்லேர்ந்து வந்தவங்க நாம, இதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்ல. 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேச்சுலயும் கிங் என்ன சொன்னார், அடிமைகளா இருந்தவங்களோட பிள்ளைகளும் அடிமைகளை வச்சிருந்தவங்களோட பிள்ளைகளும் ஒரே சகோதர மேசைல உட்காரணும்னுதான் சொன்னார்.

இன்னொண்ணு, 1965 ஜனவரி 27, அட்லாண்டா. முந்தின மாசம்தான் கிங் ஆஸ்லோவுல நோபல் பரிசு வாங்கிட்டு வந்திருந்தார், சொந்த ஊர்ல அவருக்கு டிங்க்ளர் பிளாசா ஹோட்டல்ல ஒரு விருந்து ஏற்பாடாச்சு. ஊர்ல இருந்த வெள்ளைக்கார பெரிய முதலாளிங்க டிக்கெட் வாங்கத் தயங்கினாங்க, கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடற அவ்வளவு பெரிய விருந்து அதுவரைக்கும் அந்த ஊர்ல நடந்ததில்ல. மேயர் ஐவன் ஆலனும் கோகோ கோலா கம்பெனியோட தலைமையும் நேர்ல பேசி அழுத்தம் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தாங்க. கடைசில டிக்கெட் எல்லாம் தீர்ந்து சுமார் 1,500 பேர் வந்து ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. நீங்க போற டின்னர்ல பக்கத்துல யார் வேணா உட்காருவாங்க, யாரும் அதை ஒரு விஷயமாவே எடுத்துக்க மாட்டாங்க, ஆனா அந்த ஹால்ல எழுபது எண்பது வயசுல இருக்கறவங்களுக்கு அந்தப் பழைய நாள் எல்லாம் கண்ணால பார்த்த விஷயம்.

அப்புறம் ஜார்ஜியா கில்மோர். இந்தப் பேரை மறக்காதீங்க, எனக்கு கிங்கை விட இந்தம்மா கதைதான் ரொம்பப் பிடிக்கும். மாண்ட்கோமரில ஒரு ஹோட்டல்ல சமையல் வேலை பார்த்தவங்க. கறுப்பின மக்களைத் தனியா உட்கார வச்ச பஸ்ல ஏற மாட்டோம்னு 1955 டிசம்பர்ல பஸ் பாய்காட் ஆரம்பிச்சது, 381 நாள், அத்தனை நாளும் ஜனங்க நடந்தே வேலைக்குப் போனாங்க, இல்லைன்னா கார் ஷேர் பண்ணிப் போனாங்க, அந்தக் காருங்களுக்கெல்லாம் பெட்ரோல் போட காசு வேணும்ல? இந்தம்மா இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கிட்டு சிக்கன் பொரிச்சு, பை, கேக் பண்ணி பியூட்டி பார்லர்லயும் டாக்ஸி ஸ்டாண்டுலயும் வித்து அந்தக் காசைக் கொண்டு வந்து கூட்டத்துல கொட்டினாங்க. வீட்டு வேலை பார்க்கற பெண்கள் பேர் வெளில வந்தா வேலை போயிடும், அதனால அந்தக் குழுவுக்கு க்ளப் ஃப்ரம் நோவேர்னு பேர் வச்சாங்க, காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா எங்கேர்ந்தும் வரலன்னு சொல்லிடலாம். கோர்ட்ல சாட்சி சொன்னதுக்கு கில்மோருக்கு வேலை போச்சு, அப்புறம் கிங் உதவியோட வீட்டுலயே சமைச்சுப் போட ஆரம்பிச்சாங்க, போராட்டத் தலைவருங்க எல்லாம் அந்த வீட்டுல வந்துதான் சாப்பிட்டுப் பேசினாங்க. 1990ல, ஓட்டுரிமை கேட்டு நடந்த செல்மா ஊர்வலத்தோட 25ஆம் வருஷ நினைவுக்கு வர்றவங்களுக்காக சமைச்சுக்கிட்டிருந்தப்போதான் உடம்பு முடியாமப் போயி இறந்தாங்க, அவங்க கையால சமைச்ச அதே சாப்பாட்டைத்தான் துக்கத்துக்கு வந்தவங்களுக்குப் போட்டாங்க.

ஸ்டெப் 4: டிரஸ், நேரம்

சண்டே சர்ச்சுக்குப் போற மாதிரி நல்லா டிரஸ் பண்ணிட்டு வருவாங்க, பாட்டிமாருங்க தொப்பியோட வருவாங்க, பார்க்கவே அழகா இருக்கும். புடவை, வேஷ்டி எல்லாம் தாராளமா கட்டலாம், ஜீன்ஸ் டிஷர்ட் மட்டும் வேண்டாம். ரோஸும் பச்சையும் சேர்ந்த டிரஸ்ல ஒரு கூட்டம் இருந்தா அது ஏகேஏங்கற பெண்கள் சங்கம், நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் ஹோவர்ட்ல படிக்கும்போது சேர்ந்தது அதுலதான். சொன்ன நேரத்துக்கு கால் மணி முன்னாடியே போயிடுங்க. ஸ்நோ கொட்டினா தள்ளி வைப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி மெயிலை ஒரு தடவை பாருங்க.

ஸ்டெப் 5: டேபிள்ல உட்கார்ந்த பிறகு

நம்ம ஆளுங்க பெரும்பாலும் தடுமாறறது இங்கதான், அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தர்கிட்டயும் எழுந்து போய் பேர் சொல்லிக் கை கொடுங்க. வயசானவங்களை மிஸ்டர், மிஸஸ், டாக்டர், ரெவரெண்ட்னு பட்டம் சேர்த்தே கூப்பிடுங்க. ஆபீஸ்ல எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிட்டோம், இங்க அதைச் செய்யாதீங்க. தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின பெரியவங்களை வெள்ளைக்கார சின்னப் பசங்ககூட வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, ஆம்பளைங்களை தலை நரைச்ச பிறகும் பாய்னுதான் கூப்பிடுவாங்க. 1963ல அலபாமா கோர்ட்ல மேரி ஹாமில்டன்னு ஒரு போராட்டக்காரப் பெண்ணை வக்கீல் "மேரி"ன்னு கூப்பிட்டுக் கேள்வி கேட்டார், மிஸ் ஹாமில்டன்னு கூப்பிடற வரைக்கும் பதில் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. கோர்ட் அவமதிப்புன்னு 50 டாலர் அபராதமும் ஜெயிலும் போட்டாங்க, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1964ல அவங்க பக்கம் தீர்ப்பாச்சு. நம்ம கிராமத்துல சேரில இருக்கற தாத்தாவை ஊர்த்தெரு சின்னப் பையன் "டேய்"னு கூப்பிட்டதைப் பார்த்தவங்க யாருக்கும் அந்த ஒரு மிஸ்ஸோட கனம் புரியும். பசங்களுக்கும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

காந்தியைப் பத்தி முதல் வாக்கியத்துலயே ஆரம்பிக்காதீங்க. "கிங் எங்க காந்திகிட்டேர்ந்துதானே கத்துக்கிட்டார்"னு பெருமையா எடுத்து விடறது நம்மகிட்ட இருக்கற பழக்கம், அந்த டேபிள்ல இருக்கறவங்களுக்கு அது நல்லாவே தெரியும். கறுப்பின பாதிரியார் ஹோவர்ட் தர்மன் 1936லயே காந்தியைப் போய் பார்த்துட்டு வந்தவர், இன்னொரு பாதிரியார் ஜேம்ஸ் லாசன் நாக்பூர்ல மூணு வருஷம் இருந்துட்டு வந்து நேஷ்வில் காலேஜ் பசங்களுக்கு அகிம்சைப் போராட்டத்துல பயிற்சி கொடுத்தவர், கிங்கே 1959ல மனைவி கொரெட்டாவோட ஒரு மாசம் இந்தியா சுத்தினார். அவங்களே பேச்சை எடுத்தா அந்தப் பயணத்தைப் பத்திப் பேசுங்க, அதுல நம்ம ஊர் சம்பந்தம் நிறைய இருக்கு. கன்னியாகுமரில ஒரு பக்கம் சூரியன் இறங்கி மறுபக்கம் நிலா ஏறினதைப் பார்த்ததை ஊருக்குத் திரும்பினதும் சர்ச்ல பிரசங்கமாவே சொன்னார். திருவனந்தபுரத்துல தலித் பிள்ளைகள் படிச்ச ஒரு ஸ்கூலுக்குப் போனப்போ, ஹெட்மாஸ்டர் இவரை அமெரிக்காவுலேர்ந்து வந்திருக்கற இன்னொரு தீண்டத்தகாதவர்னு அறிமுகப்படுத்தினாராம். கிங்குக்கு முதல்ல சுருக்குன்னுச்சு, அப்புறம் தன் ஜனங்க இருக்கற நிலைமையை யோசிச்சுப் பார்த்து, ஆமா நானும் தீண்டத்தகாதவன்தான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டார், 1965ல அட்லாண்டா பிரசங்கத்துல அவரே இதைச் சொல்லியிருக்கார். அம்பேத்கர் 1946ல கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. காந்தியைப் பத்திப் பெருமை பேசிட்டு நம்ம ஊர் ஜாதியைப் பத்தி யாராவது கேட்டா மழுப்பறது எனக்குப் பிடிக்காத விஷயம், கேட்டா உள்ளதைச் சொல்லுங்க, அந்த மேசைல உண்மையைச் சொன்னா யாரும் உங்களைக் கீழா நினைக்க மாட்டாங்க.

பழைய புத்தகத்துல இருக்குன்னு நீக்ரோங்கற சொல்லை யாரும் எடுக்காதீங்க, கிங் பேச்சுலயே வந்தாலும் இன்னிக்கு நாம சொல்லக் கூடாது. பிளாக், ஆஃப்ரிக்கன் அமெரிக்கன், ரெண்டும் சரி. "நாங்க எல்லாம் கஷ்டப்பட்டுப் படிச்சு முன்னுக்கு வந்துட்டோம்"ங்கற பேச்சும் வேண்டாம், அதைக் கேக்கறவங்களுக்கு நீங்கல்லாம் ஏன் வரலன்னு கேக்கற மாதிரிதான் இருக்கும். நிறைய கேளுங்க, கொஞ்சமா பேசுங்க. "இந்த ஊர்ல நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"ன்னு ஒரு பெரியவங்ககிட்ட கேட்டாலே போதும், அதுக்கப்புறம் அவங்க சொல்றது எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காது.

ஸ்டெப் 6: சாப்பாடு

ஹோட்டல்னா தட்டுல வச்ச சிக்கன், சர்ச் ஹால்னா சோல் ஃபுட்: பொரிச்ச சிக்கன், மேக் அண்ட் சீஸ், காலர்ட் கீரை, தட்டைப்பயறு, கார்ன்பிரெட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கடைசில ஸ்வீட் பொட்டேட்டோ பையோ பீச் காப்ளரோ. வெஜிடேரியன்ஸ் கவனமா கேளுங்க, காலர்ட் கீரையைப் பன்றிக் காலோ புகை போட்ட டர்க்கியோ போட்டுத்தான் வேக வைப்பாங்க, தட்டைப்பயறும் அப்படித்தான், பேக்ட் பீன்ஸ்ல பேக்கன் இருக்கும், கார்ன்பிரெட்ல சில பேர் பேக்கன் கொழுப்பு ஊத்துவாங்க. பச்சையா இருக்குன்னு பார்த்து எடுத்துடாதீங்க, பரிமாறறவங்ககிட்ட மெதுவா கேட்டா சொல்லிடுவாங்க. மேக் அண்ட் சீஸை நம்பிப் போகலாம். தட்டைப்பயறும் வெண்டைக்காயும் ஆஃப்ரிக்காவுலேர்ந்து அடிமைக் கப்பல் காலத்துல அந்த மக்களோட வந்த பயிருங்க, நம்ம அடுப்புலயும் இருக்கறதுங்கதான், பேச்சு ஆரம்பிக்க இதை விட நல்ல விஷயம் கிடையாது.

யாரும் சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜெபம் இருக்கும், தட்டு முன்னாடி வந்துட்டாலும் காத்திருங்க. எங்க டேபிள்ல ஒரு தடவை உட்கார்ந்த பாட்டி கைப்பைலேர்ந்து அலுமினிய ஃபாயிலை மடிச்சு வச்சதை எடுத்து, தன் பங்கு ஸ்வீட் பொட்டேட்டோ பையை அப்படியே தொடாம அதுல வச்சு நாலு பக்கமும் விரலால நகத்தால அழுத்தி மூடினாங்க. வர முடியாத பக்கத்து வீட்டம்மாவுக்காம். பார்த்துட்டு டேபிள்ல ரெண்டு மூணு பேர் அவங்கவங்க பையையும் அந்தம்மா பக்கம் தள்ளினாங்க.

ஸ்டெப் 7: மேடை

பேச்சு நடக்கும்போது கூட்டத்துலேர்ந்து "ஆமென்", "தட்ஸ் ரைட்", "யெஸ் சார்"னு குரல் வரும். சர்ச் மரபு அது, பேசறவருக்குத் தெம்பு கொடுக்கறது, யாரும் குறுக்கிடறாங்கன்னு நினைச்சுத் திரும்பிப் பார்க்காதீங்க. "லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்" பாட்டு ஆரம்பிச்சா உடனே எழுந்து நில்லுங்க, 1900ல ஜாக்ஸன்வில் ஸ்கூல் பிள்ளைங்க 500 பேர் முதல்ல பாடின பாட்டு, தேசிய கீதத்துக்குக் கொடுக்கற மரியாதை இதுக்கும் உண்டு. போன்ல வரிகளை எடுத்து வச்சுக்கிட்டு கூடவே பாடுங்க, மூணு சரணமும் பாடுவாங்க. முடிவுல "வீ ஷல் ஓவர்கம்" வரும், அப்போ வலது கையை இடது கை மேல குறுக்க வச்சு ரெண்டு பக்கத்துல இருக்கறவங்க கையையும் பிடிக்கணும், அந்த நேரத்துல போனைப் பைக்குள்ள போட்டுடுங்க. வீடியோ எடுக்கறவங்க கை காலியா இல்லாததால சங்கிலி அங்கயே அறுந்து போயிடும்.

ஸ்காலர்ஷிப் கொடுக்கற பகுதியில நிறைய பேர் பாத்ரூம் போக எழுந்துடறாங்க. அதுதான் அன்னிக்கு முக்கியமான பகுதி, அந்தப் பசங்க மேடை ஏறும்போது நல்லா கைதட்டுங்க. பேர் ஒவ்வொண்ணா படிக்கும்போது அந்தப் பிள்ளையோட அம்மா எந்த டேபிள்ல இருக்காங்கன்னு பாருங்க.

ஸ்டெப் 8: முடிஞ்ச பிறகு

டேபிள்ல ஒரு கவர் வச்சிருப்பாங்க, முடிஞ்சதைப் போடுங்க. 1994ல சட்டம் கொண்டு வந்து இந்த லீவை சேவை நாளா ஆக்கிட்டாங்க, அதனால திங்கக்கிழமை காலைல ஃபுட் பேங்க்லயோ ஸ்கூலுக்குப் பெயிண்ட் அடிக்கறதுலயோ ஏதாவது வேலை இருக்கும், வாசல்லயே பேர் எழுதற ஷீட் இருக்கும், பசங்களோட போய் வேலை செய்யுங்க. இந்த லீவே சும்மா வந்துடல, கிங் கொல்லப்பட்ட நாலாம் நாளே ஜான் கோன்யர்ஸ்ங்கற அமெரிக்க எம்பி மசோதா கொண்டு வந்தார், 1983ல தான் கையெழுத்தாச்சு, 1986ல முதல் தடவை லீவு விட்டாங்க, 50 மாநிலமும் முழுசா ஏத்துக்க 2000 ஆச்சு. நடுவுல அத்தனை வருஷமும் லட்சக்கணக்கான பேர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டும் ஊர்வலம் போய்க்கிட்டும் இருந்திருக்காங்க.

உங்க பிள்ளைங்க அஞ்சாம் கிளாஸ் தாண்டியிருந்தா கட்டுரைப் போட்டி எப்போன்னு விசாரிங்க, நிறைய ஊர்ல டின்னர் மேடைலயே ஜெயிச்ச கட்டுரையைப் படிக்க வைப்பாங்க. சமையல்ல கை இருக்கறவங்க கிச்சன் கமிட்டில பேர் கொடுக்கலாம், அடுத்த வருஷம் பன்றிக் கால் போடாத ஒரு பாத்திரம் தட்டைப்பயறு நாங்க செஞ்சு கொண்டு வர்றோம்னு சொன்னா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அடுத்த ஜனவரி டின்னருக்கான மீட்டிங் எல்லாம் முந்தின செப்டம்பர் அக்டோபர்லயே ஆரம்பிச்சிடும், கிளம்பறதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல இருக்கறவங்ககிட்ட உங்க மெயில் ஐடியைக் கொடுத்துட்டு, தேதி போட்டதும் சொல்லுங்கன்னு கேட்டுட்டு வாங்க.